தலைக்குள் இருக்கும் ஜாபிதா

காலை ஏழு மணிக்கு நம் நடுத்தரக் குடும்பங்களில் எழுகின்ற கேள்விகளை யாராவது உட்கார்ந்து தொகுத்தால், அது ஒரு பெரிய கிரந்தமாகவே அமைந்துவிடும். "அம்மா, என் பெல்ட் எங்கே?" "புதுக் கணக்கு நோட்டு கேட்டேனே, வாங்கினாயா?" "காபிப் பொடியை எங்கே வைத்திருக்கிறாய்?" "சிலிண்டருக்குச் சொல்லியாயிற்றா?" கேட்கிறவர்கள் மூவராகவோ நால்வராகவோ இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் ஒருவரே. ஒரு கையில் தோசைத் திருப்பியும் மறு கையில் பெண்ணின் பின்னலுமாக நிற்கும் அந்த அம்மாளும் ஒன்பதரை மணிக்கு ஓர் அலுவலகத்தில் இருக்க வேண்டியவராயிற்றே என்பது கேட்கிறவர்களுக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வருவதில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததா, இல்லையா என்பது பள்ளிக்கூடத்தில் இருக்கும் நமக்கு முதல் பாடவேளையிலேயே தெரிந்துபோகும். சார்ட் பேப்பர் கொண்டு வராத பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். இன்னொருவனிடம் அது இருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்காரரை எழுப்பாத குறையாக வாங்கிய அடையாளம் அதன் கசங்கிய ஓரங்களிலேயே தெரியும். பிள்ளைகள் மீது குற்றமில்லை. பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று சொல்வதும் அநியாயம். அந்த வீடுகளில் நிர்வாகம் முழுவதும் ஒரே ஒரு தலைக்குள் நடக்கிறது, அந்தத் தலைக்கு அன்றைக்கு நினைக்க வேண்டியவை ஐம்பது விஷயங்கள், ஐம்பத்தொன்றாவது நழுவிவிட்டது. அவ்வளவுதான்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷங்களையும், அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிஷங்களையும் அவற்றுக்காகச் செலவிடுகிறார்கள் என்று அது கூறுகிறது. 2019-இல் எடுத்த கணக்கில் இவை 299-ஆகவும் 97-ஆகவும் இருந்தன. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சமானது; ஆண்களும் ஒன்பது நிமிஷத்தை மிச்சப்படுத்திக்கொண்டு விட்டார்கள்! ஆனால் இந்தக் கணக்கில் அடங்காத வேலை ஒன்று இருக்கிறது. பெருங்காய டப்பா காலியாகிக்கொண்டு வருகிறது என்று பேருந்தில் நின்றபடியே நினைத்துக்கொள்ளும் வேலையை எந்த நிமிஷக் கணக்கில் எழுதுவது? பெருக்குவதும் துவைப்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன. நினைவில் வைத்திருப்பது தெரிவதில்லை. தெரியாத வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள யாரும் முன்வருவதுமில்லை.

ஆகவே வீட்டை ஒழுங்கு செய்ய விரும்புகிறவர்கள் முதலாவதாக அலமாரி வாங்க வேண்டியதில்லை. அழகான டப்பாக்களை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டியதுமில்லை. தலைக்குள் இருக்கும் ஜாபிதாவைச் சுவருக்குக் கொண்டு வர வேண்டும். நம் இல்லத்தில் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாள்களின் பின்புறம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? அவற்றைச் சேர்த்துக் கவ்வியில் மாட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டி, சமையலறைக் கதவோரம் தொங்கவிட்டிருக்கிறோம். பென்சிலைக் கட்டுவது முக்கியம். கட்டாத பென்சில் மறுநாள் யாருடைய பள்ளிப் பையிலாவது குடியேறிவிடும்.

இதற்கு ஒரே ஒரு சட்டம். சாமான் தீர்ந்த பிறகு எழுதுவதல்ல. கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே எழுத வேண்டும். பிரிக்கிறவர் யாரோ, அவர்தாம் எழுத வேண்டும். "உப்பு தீர்ந்துவிட்டது" என்று இன்னொருவரிடம் சொல்வது எழுதியதாகாது. எட்டு வயதுக் குழந்தையும் இதைச் செய்யலாம். நம் வீட்டுச் சிறுவர் எழுதும் பட்டியலில் பெருங்காயத்துக்கு வல்லின றகரம் போட்டிருப்பதும் உண்டு. ஆசிரியர் வீடானபடியால் அதற்குச் சிவப்பு மையில் திருத்தமும் உண்டு. கடைக்காரர் இரண்டையும் பொருட்படுத்தாமல் சரியான சாமானையே எடுத்துக் கொடுக்கிறார்.

வாங்குவதிலும் தாளம் தவறாமல் இருக்க வேண்டும். நம் முன்னோர் வருஷத்துக்கு ஒரு முறை வாங்கியவை பல. தை அறுவடை முடிந்ததும் நெல் வந்து சேரும். மாசி, பங்குனியில் புளி. அதையொட்டி வெயில் ஏற ஏற மிளகாய். பிறகு வடகமும் வற்றலும். புளி, மிளகாய், மஞ்சள் முதலியவை எந்த மாதத்தில் விளைந்து சந்தைக்கு வரும் என்பது அன்றைய இல்லத்தரசிகளுக்குப் பஞ்சாங்கம்போல் மனப்பாடம். இன்றைக்கு இரண்டு அறைகள் உள்ள அடுக்ககத்தில் நெல் மூட்டைக்கு இடம் ஏது? இருந்தாலும் புளியையும் மிளகாயையும் பருவத்தில் ஆறு மாதத்துக்கேனும் வாங்கிக்கொள்வதில் ஒரு தடையுமில்லை. வெயிலில் நன்றாய் உலர்த்திய புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்தால் கெடாது. குழம்புப் பொடியையும் ஒரே தடவையாக மூன்று மாதத்துக்கு மாவு மில்லில் அரைத்து வைக்கலாம். இப்படிச் சில சாமான்கள் மாதப் பட்டியலை விட்டே போய்விட்டால், நினைக்க வேண்டியவற்றில் ஐந்தாறு குறைந்துவிடும்.

மாதச் சாமான் விஷயத்தில் பெரும்பாலோர் ஊகத்தின் மேல் வாங்குகிறார்கள். ஊகத்தை ஒழிக்க இரண்டு மாதம் போதும். ஒவ்வொரு பாத்திரத்தையும் நிரப்பிய தேதியை ஒரு சிறு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டால், எது எத்தனை நாளைக்கு வருகிறது என்பது தானே தெரியும். நால்வர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் துவரம் பருப்பு என்றால் மாதத்துக்கு 3 கிலோ. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து நனைத்து மாவு அரைக்கும் வீட்டுக்கு, இட்லி அரிசி மாதம் ஏறக்குறைய 9 கிலோ, உளுந்து இரண்டேகால் கிலோ. ஒரு தடவை கண்ட இந்தக் கணக்கு வருஷம் முழுவதும் உதவும். விருந்தாளிகள் வந்தால் கொஞ்சம் கூடும். ரேஷன் அட்டையைப் பெட்டிக்குள் உறங்க விடாமல், அதில் கிடைப்பதை முதலில் கழித்துக்கொண்டு மீதியைக் கடைப் பட்டியலில் எழுதுவதே முறை. நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. அது சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்கிற வீடுகளிலும் இட்லிக்கும் தோசைக்கும் நன்றாகவே உதவுகிறது.

பொட்டலங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்பெல்லாம் பிஸ்கட், தேயிலை, சோப்புத் தூள் போன்ற பல பண்டங்களை இன்னின்ன அளவுகளில்தான் கட்டி விற்கலாம் என்று சட்டம் வரையறுத்திருந்தது. 2021-இல் செய்த திருத்தம் அந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதித்தது. விலை அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் இளைத்துப்போகும் விந்தையை இப்போது நாம் அடிக்கடி காண்கிறோம். அட்டையின் முன்புறத்திலுள்ள பெரிய எழுத்தை நம்பாமல், பின்புறத்திலுள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போவது நலம். விகிதக் கணக்கைக் கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தினாலும் ஏறாத பையனுக்கு, 180 கிராம் பொட்டலமா, 400 கிராம் பொட்டலமா, எது லாபம் என்ற கேள்வி கடையில் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறது.

மாதச் சம்பளக்காரர்களின் இந்தச் சங்கடம் புதிதன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். பண்டங்களை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு விற்பதற்காக அவ்வாண்டு தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் மிகப் பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் ஒருவர். ஆங்கிலப் பேச்சுக்காக உலகம் புகழ்ந்த அந்தப் பெரியார், இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அப்படிப்பட்டவர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கவலைப்பட்டாரே என்று எண்ணும்போது, நம் போன்ற உபாத்தியாயர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. இன்றும் அக்கம்பக்கத்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு பேர் போய்வரும் அலைச்சலில் மூன்று பேருடையது மிச்சம்.

காய்கறிக்கு வாரம் ஒரு நாள் போதும். மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கி, பிறகு பல ஊர்களிலும் ஏற்பட்ட உழவர் சந்தைகள் நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வாய்ப்பு. விளைவித்தவரே விற்கிறார், விலையும் பலகையில் எழுதியிருக்கிறது, பேரம் பேசி நேரம் போவதில்லை. ஆனால் விடியற்காலையில் போக வேண்டும். வாங்கி வந்ததை எந்த வரிசையில் சமைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கீரை அன்றைக்கே. வெண்டையும் கத்திரியும் அடுத்த இரண்டு நாளில். பீன்ஸ், காரட், கோஸ் வாரத்தின் நடுவில். சேனை, உருளை, பூசணி ஆகியவை பொறுமைசாலிகள். வெள்ளிக்கிழமை வரையில் காத்திருக்கும். இந்த வரிசையைச் சுவரில் எழுதிவிட்டால், "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்ற நித்திய விசாரமும் தொலைகிறது.

சந்தைக்குப் போகும் புருஷர்களைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கையில் சீட்டுடன் புறப்பட்டு, அங்கிருந்து ஐந்து தடவை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "முருங்கைக்காய் கொஞ்சம் முற்றலாக இருக்கிறதே, வாங்கவா வேண்டாமா?" என்று கேட்பவர் வேலையில் பாதியைத்தான் செய்கிறார். கால்கள் சந்தையில் நடக்கின்றன. யோசனை மட்டும் இன்னும் வீட்டிலிருந்தே வருகிறது. இதற்கு உதவி என்று பெயர் சொல்லலாம்; பொறுப்பு என்று சொல்ல முடியாது. காய்கறி ஒருவருடையது என்றால், என்ன வேண்டும் என்று பார்ப்பதும், வாங்குவதும், வாடுவதற்குள் சமையலுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவருடையவையே. அப்படி முழுதாக ஒப்புக்கொடுத்தபின், முற்றல் முருங்கைக்காய் வந்துவிட்டதே என்று மற்றவர் முணுமுணுக்கவும் கூடாது. ஒரு மாதம் முற்றல் தின்றால் கண் தானே பழகிவிடும். வீட்டுத் தலைவிக்கு நான்கு நாள் காய்ச்சல் கண்டால் அடுப்பு எரியுமா, பிள்ளைகள் பள்ளிக்கு வேளையில் போவார்களா என்பதுதான் குடும்ப நிர்வாகத்துக்குச் சரியான பரீட்சை. அந்தப் பரீட்சையில் உதவியாளர்கள் தவறுகிறார்கள், பொறுப்பாளர்கள் தேறுகிறார்கள்.

பத்தே நிமிஷத்தில் பண்டம் வாசலுக்கு வரும் காலமல்லவா இது, ஜாபிதா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைக்கு இரவில் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும், எதிர்பாராத விருந்தாளி வந்து நிற்கும்போதும் அந்த ஏற்பாடு பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் கொத்துமல்லிக்காகச் செல்போனைத் திறந்தவர் கொத்துமல்லியோடு நிறுத்துவதில்லை. குறைந்தபட்சத் தொகை வர வேண்டுமென்று இரண்டு சாமானைச் சேர்க்கிறார்; அது கொண்டுவரும் கூலியைத் தவிர்க்க இன்னும் ஒன்றைச் சேர்க்கிறார். வாரத்தில் நான்கு தடவை இப்படி நடந்தால் மாதக் கடைசியில் பணம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். மழையிலும் வெயிலிலும் அந்தப் பத்து நிமிஷத்துக்காக விரைந்து வரும் இளைஞனையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூட விஷயம் மிச்சமிருக்கிறது. பிள்ளையின் டைரியை இரவு பத்து மணிக்குப் பார்க்காமல், மாலை வந்தவுடன் பார்த்துவிட்டால் கடைகள் திறந்திருக்கும். பை, காலணி, தண்ணீர்ப் புட்டி, சீருடை ஆகியவற்றை முந்திய இரவே ஒரே இடத்தில் எடுத்து வைப்பதை ஏழு வயதிலிருந்து குழந்தையே செய்யலாம். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கும்போது இரண்டு வரியிட்டதும் இரண்டு வரியிடாததும் மிகையாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவை வீணாவதே இல்லை. நம் ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். "நாளைக்குக் களிமண்ணும் தெர்மாகோலும் கொண்டு வா" என்று மாலை மூன்றே முக்கால் மணிக்குச் சொல்வது எத்தனை வீடுகளின் இரவுச் சாப்பாட்டைத் தாமதப்படுத்துகிறது தெரியுமா? நாம் பாடம் நடத்தும் வகுப்புகளில் அடுத்த வாரத்துக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெற்றோருக்குக் கிடைக்கின்றன.

பண்டிகைகளுக்கு மட்டும் நாட்காட்டித் தாள் போதாது. தனியாக ஓர் உறை வேண்டும். தீபாவளி முடிந்த வாரத்திலேயே கடலை மாவு, சர்க்கரை, நெய், எண்ணெய் ஒவ்வொன்றும் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு மிஞ்சியது, எந்தப் பலகாரம் முதலில் தீர்ந்தது, யாருடைய துணி அளவு என்ன என்று எழுதி அதில் போட்டுவிட வேண்டும். அடுத்த புரட்டாசிக் கடைசியில் அந்த உறையைப் பிரித்தால், பாதி வேலை முடிந்திருக்கும்.