இன்னும் ஒருவர் ஏறினால் என்ன?

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வத்தல்மலைக்குச் செல்வோர் மேலே சென்றதும் ஒரு தேநீர்க் கடையில் இளைப்பாறுவது வழக்கம். அண்மையில் அவ்வாறு நான் அமர்ந்திருந்தபோது, அருகில் ஏழெட்டு இளைஞர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரியில் கூடுவது குறித்துப் பேசிக்கொண்டிருந்தனர். யாருடைய காரில் போவது, பிரியாணி எங்கே வாங்குவது, மிதிபடகா விசைப்படகா என்று உற்சாகமான விவாதம். விசைப்படகு என முடிவானதும் ஒருவர், "ரெண்டு படகு எதுக்கு? நெருக்கி உட்கார்ந்தா ஒண்ணுலயே போயிடலாம்" என்றார். அனைவரும் சிரித்தனர். கணக்கு முடிந்துவிட்டது.

அந்தக் கணக்கில் விடுபட்ட ஒரு செலவு உண்டு. ஒருவரின் செயலால் பிறர் மீது விழும், ஆனால் அவர் விலை கொடுக்காத பாதிப்பைப் பொருளியலில் 'புறவிளைவு' என்பர். ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆலைப் புகைக்குப் பொருந்தும் இக்கருத்து படகுக்கும் பொருந்தும். அளவுக்கு மேல் ஏறும் ஒருவருக்குக் கிடைப்பது சில ரூபாய் மிச்சம். அதனால் கூடும் ஆபத்தோ படகில் உள்ள அனைவருக்கும் உரியது. மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆபத்து தெரிவதில்லை.

ஆள் கூடக் கூடப் படகு நீரில் தாழ்கிறது. சிறு அலையும் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். பயணிகள் எழுந்து நின்றாலோ மேல்தளத்தில் ஏறினாலோ எடையின் மையம் உயர்கிறது. அந்நிலையில் எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்தால், சாய்ந்த படகு நிமிரும் வலிமையை இழக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரிக்கு மகிழ்ச்சியுடன் உலாச் சென்ற 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மேலும் 22 உயிர்கள் பறிபோயின. அது உல்லாசப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு. அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர்.

விசைப்படகில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேகமாகத் திரும்பும்போது ஓட்டுபவர் நீரில் வீழ்ந்தால், ஆளில்லாத படகு சுழன்றுவந்து அவரையே தாக்கக்கூடும். இதைத் தடுக்க, ஓட்டுபவரின் உடலுடன் இணைத்த கயிறு விடுபட்டதும் இயந்திரம் நின்றுவிடும் எளிய ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளில் இதனைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் தகுதிச் சான்றையும் வலியுறுத்துகிறது. ஆனால், விடுமுறை நாள் கூட்டத்தில் ஒவ்வொரு படகுத்துறையிலும் தலைகளை எண்ண ஓர் அதிகாரியை நிறுத்துவது எளிதன்று. அந்த எண்ணிக்கையைப் பயணிகளே கேட்டுப் பெறுவதுதான் செலவில்லாத கண்காணிப்பு.

ஆகவே, ஏரிக்குச் செல்லத் திட்டமிடுவோர் உணவுப் பட்டியலுடன் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். படகில் எத்தனை பேருக்கு அனுமதி? ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அளவான உயிர்காப்பு அங்கி உண்டா? வானம் இருண்டால் பயணத்தைக் கைவிட நாம் தயாரா? கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதற்காகப் படகேறுவது, போன பணத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அன்று அந்த இளைஞர்களிடம் இதைச் சொல்லத் தயங்கிவிட்டேன். முன்பின் அறியாத முதியவரின் அறிவுரை அவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்குமோ என்ற கூச்சம். படகுத்துறையில் "ஆள் அதிகம், நான் இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்ல நினைப்பவரைத் தடுப்பதும் அதே கூச்சம்தான். அதை முதலில் உதறுபவரே அந்தக் குழுவின் உண்மையான நண்பர்.