அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நம் மாணவர் இடறுவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் எம் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற ஜெர்மனிக்குச் சென்றார். வழியனுப்பு ஆராதனையில் சபையார் எழுந்து நின்று ஸ்தோத்திரம் செலுத்தினர். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அவர் படிப்பைக் கைவிட்டுச் சில மாதங்கள் ஆயின என்பதும், அதனைப் பெற்றோரிடம் சொல்லத் துணியாதிருந்தார் என்பதும் தெரியவந்தன. அவர் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர் அல்லர். பின் ஏன் இடறினார்? இக்கேள்வி போதகர்களாகிய நம்மையும் சாரும்.

2023-24ஆம் கல்வியாண்டில் ஜெர்மனியில் பயின்ற இந்திய மாணவர் 49,000க்கு மேற்பட்டோர். அயல்நாட்டு மாணவரில் அவர்களே மிகப் பெரிய கூட்டத்தினர். அந்நாட்டில் இளங்கலை பயிலும் அயல்நாட்டு மாணவரில் 100க்கு 40 பேருக்கு மேல் படிப்பை முடிப்பதில்லை என அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. உள்நாட்டு மாணவரிடையே இத்தொகை 30க்கும் குறைவு. இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, கற்கும் முறை. நம் கல்லூரிகளில் வருகைப் பதிவும், மாதத் தேர்வும், ஆசிரியரின் கண்டிப்பும் மாணவனை நடத்திச் செல்கின்றன. அங்கோ பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு இல்லை. தேர்வுக்குப் பெயர் கொடுப்பதும் மாணவனின் பொறுப்பே. நம்மிடையே தவறிய பாடத்தை ‘அரியர்’ என வைத்துப் பின்னர் எழுதித் தேறும் வழக்கம் உண்டு. அங்குப் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறையே எழுதலாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாம் முறையும் தவறுபவர் அப்படிப்பிலிருந்து நீக்கப்படுவார். அதே படிப்பை அந்நாட்டின் பிற பல்கலைக்கழகங்களில் தொடரும் வாய்ப்பையும் பொதுவாக இழப்பார். இதனைப் பலர் முதல் தோல்விக்குப் பின்னரே அறிகின்றனர்.

இரண்டாவது, மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதை நம்பிப் புறப்படுகின்றனர். ஆனால் வீட்டு உரிமையாளர், அரசு அலுவலகம், மருத்துவர், பகுதிநேர வேலை ஆகிய யாவும் ஜெர்மன் மொழியையே வேண்டி நிற்கின்றன. வகுப்பறைக்கு வெளியே ஊமையாக வாழ்பவன் வகுப்பறையிலும் நெடுநாள் ஊக்கத்தோடிருப்பது அரிது.

மூன்றாவது, பணம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. எனினும் 2024 செப்டம்பர் முதல், விசா பெறுவதற்கு ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் வைத்துக் காட்டவேண்டும். அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ எடுக்கலாம். பல குடும்பங்கள் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தே இத்தொகையைத் திரட்டுகின்றன. இரண்டாம் ஆண்டிற்குப் பணம் ஏது? வேலையே வழி. ஆண்டிற்கு 140 முழுநாள் வேலை செய்யச் சட்டம் இடந்தருகிறது. அதற்கேற்பப் படிப்பிற்குரிய நேரம் தேய்கிறது, தேர்வில் தவறுகிறான், படிப்புக்காலம் நீள்கிறது, கடனும் வளர்கிறது.

நான்காவது, தனிமை. மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க், மிஷனெரிகளுக்குப் பயன்பட்ட ஓர் இதழில் 1960இல் எழுதிய கட்டுரையில், அயல்நாடு சென்றவர் முதலில் வியப்பும் மகிழ்வும் அடைந்து, பின்னர் வெறுப்பும் சோர்வும் கொள்ளும் நிலைகளை விளக்கினார். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருள் கவியும் நாட்டில், அறையில் தனித்திருப்பவனுக்கு அச்சோர்வு மிகும். படிப்பைக் கைவிடுதல் தனிமனிதனின் குறைபாட்டால் மட்டும் நேர்வதன்று. கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் வேரூன்றாமையாலும் நேர்வது என்று அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975இல் எடுத்துக்காட்டினார்.

இந்நான்கையும் கொடிதாக்குவது வெட்கம். நாம் செலுத்திய ஸ்தோத்திரமும் வாசித்த வாழ்த்தும் அவனுக்குத் திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டன. தோற்றுத் திரும்புபவனைச் சபை கெட்ட குமாரனின் உவமையோடு ஒப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். இது தவறான ஒப்புமை. இவன் ஆஸ்தியை அழித்தவன் அல்லன். சுமக்க இயலாத சுமையைத் தனியே சுமந்தவன்.

ஆகவே போதகர் செய்யத்தக்கவை சில உண்டு. புறப்படுமுன் பெற்றோருடன் அமர்ந்து, இரண்டாம் ஆண்டின் செலவையும் தேர்வு விதிகளையும் வெளிப்படையாகப் பேசுக. ஜெர்மன் மொழியை இங்கேயே கற்கத் தூண்டுக. ஜெர்மனியின் பல நகரங்களில் புரொட்டஸ்தாந்து மாணவர் சபைகள் உள்ளன; அவை அயல்நாட்டு மாணவருக்கு ஆலோசனையும், நெருக்கடியில் பண உதவியும் அளித்துவருகின்றன. அவற்றின் முகவரியை மாணவனிடம் கொடுத்தனுப்புக. மாதம் ஒருமுறை அவனோடு பேசுக. மதிப்பெண்ணை அன்று, உணவையும் உறக்கத்தையும் நண்பரையும் விசாரிக்க. படிப்பை நிறுத்தித் திரும்புதலும் சில வேளைகளில் நற்தீர்மானமே என்பதைப் பெற்றோர் முன்னிலையில், புறப்படுமுன்னரே சொல்லிவைக்க.

முற்கூறிய இளைஞர் திரும்பி வந்தார். இன்று நம் நாட்டிலேயே பணிபுரிந்து கடனை அடைத்துவருகிறார். அவர் என்னிடம் கூறியது ஒன்றே: “ஐயா, ஒருவராவது கேட்டிருந்தால் ஓராண்டிற்கு முன்னரே சொல்லியிருப்பேன்.” கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.