மனச்சோர்வுக்கு "மார்க்" போடும் 9 கேள்விகள்!

காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்குக் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். மனசு சோர்ந்து போனால் எதை வைத்து அளப்பது?

அதற்கும் வழி உண்டு. ஒரு தாள், ஒரு பேனா போதும்!

1961-ல் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 21 பகுதிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். தன் நிலைமைக்குப் பொருந்தும் பதிலை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2001-ல் அதைவிடச் சின்னதாக ஒன்று வந்தது. பெயர் "பி.எச்.கியூ.-9". கேள்விகள் ஒன்பதே ஒன்பது. இன்று பல நாடுகளில் டாக்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

என்ன கேட்பார்கள்?

கடந்த 2 வாரமாக எதிலும் நாட்டம் இல்லையா? மனசு கனத்துக் கிடக்கிறதா? தூக்கம், பசி எப்படி? அசதி உண்டா? "நான் எதுக்கும் லாயக்கில்லே" என்று தோன்றுகிறதா? இப்படிப் போகிறது பட்டியல்.

"இல்லவே இல்லை" என்றால் 0. சில நாள் என்றால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. மொத்தம் 27 மார்க். பரீட்சைக்கு நேர்மாறாக, இதில் மார்க் கூடினால்தான் கவலை!

5 முதல் 9 வரை லேசான சோர்வு. 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை.

மார்க் தீர்ப்பு அல்ல

தூக்கம், பசி, அசதி மூன்றுக்கும் மும்மூன்று போட்டாலே 9 வந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் அசதி வரும். ஆகவே, விசாரித்து நோயை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

இன்னொரு பக்கம், "வெளியே தெரிஞ்சா மானம் போயிடுமே" என்று எல்லாவற்றுக்கும் 0 போடுகிறவர்களும் உண்டு. தாளுக்கு முகம் பார்க்கத் தெரியாது. நீங்கள் போடுவதுதான் அதற்குக் கணக்கு. பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காமல் தனியாக உட்கார்ந்து எழுதுவதே நல்லது.

சிகிச்சை தொடங்கிய பிறகும் தாள் உதவும். அன்று 18 இருந்தது சில வாரங்களில் 9 ஆனால், வைத்தியம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒன்பதாவது கேள்வி

கடைசிக் கேள்விதான் முக்கியம். "செத்துப் போனால் தேவலை என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக் கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா?"

மொத்தம் 4 மார்க்தான், அதில் 1 இந்தக் கேள்விக்கு என்றால்கூட அலட்சியம் கூடாது. அவரிடம் நேரடியாகப் பேச வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே" என்று பாரம் இறங்கும்.

பேச ஆள் இல்லையா? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" இருக்கிறது. எண் 14416. இரவு, பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.