கிட்டார் சும்மா இருக்கும்போதும் ஏன் இரைகிறது? நெருப்பெரிச்சலில் ஒரு சிங்கிள் காயில் வைத்திருந்தால் தெரிய வேண்டியவை

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள், க்யூசிக்கள், டிசைனர்கள் என்ன வாங்குவார்கள்? போன், பைக்குக்கு முன்பணம், ஊருக்குத் துணிமணி. நடுவில் சிலர் பல நாள் ஆசையாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பட்ஜெட் பெரும்பாலும் 10,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் பக்கம் போய் நிற்கும். அந்தப் பணத்துக்குக் கிடைப்பதில் நிறைய கிட்டார்கள் மூன்று சிங்கிள் காயில் பிக்கப் வைத்தவைதான்.

பெட்டியைப் பிரித்து, கேபிளைச் சொருகி, ஆம்ப் வால்யூமைத் திருப்பினால் முதலில் வருவது இசை இல்லை, "ம்ம்ம்ர்ர்ர்" என்ற இரைச்சல். கம்பியைத் தொடக்கூட இல்லை, அதற்குள்ளேயே! "ஐயோ, டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிட்டானா" என்று உடனே ரிட்டர்ன் பட்டனைத் தேடுவார்கள். பொறுங்கள். அந்த இரைச்சல் பெரும்பாலும் கிட்டாரின் கோளாறு அல்ல, அதன் இயல்பு. ஆனால் சில நேரம் அதே இரைச்சல், வீட்டு வயரிங்கில் இருக்கும் ஆபத்தையும் சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது முக்கியம்.

பாபினுக்குள் என்ன இருக்கிறது?

கம்பிகளுக்குக் கீழே இருக்கும் நீளமான பிளாஸ்டிக் மூடிதான் பிக்கப். உள்ளே ஒரு பாபின், பவர் டேபிளில் இருக்கிற பாபினுக்கு உள்ள அதே பெயர். நூலுக்குப் பதிலாக அதில் மெல்லிய செம்புக் கம்பி 7,000, 8,000 சுற்று சுற்றியிருக்கும். வழக்கமாக 42 கேஜ் கம்பி, தலைமுடி அளவுக்கு மெல்லியது. நூலில் 30ஸ் கவுன்ட்டை விட 40ஸ் கவுன்ட் மெல்லியது இல்லையா? கேஜ் கணக்கும் அப்படித்தான், எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.

பாபினுக்கு நடுவில் காந்தம். விலை கூடியவற்றில் ஆறு கம்பிக்கும் ஆறு அல்நிகோ காந்தத் துண்டுகள் இருக்கும். விலை குறைந்தவற்றில் ஆறு இரும்புத் துண்டுகள் இருக்கும், அவற்றின் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. ஆம்ப் அந்தச் சின்ன மின்துடிப்பைப் பெரிதாக்கித் தருகிறது.

சிக்கல் என்னவென்றால், சுருளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அசைகிற காந்தப்புலம் கிட்டார் கம்பியிலிருந்து வந்தாலும் சரி, சுவருக்குள் ஓடும் வயரிலிருந்து வந்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 முழுச் சுற்றாகத் திசை மாறி மாறி வருவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சுருளுக்குள் நுழைந்து ஆம்ப் வழியாகக் காதுக்கு வந்துவிடுகின்றன. இரைச்சலுக்கு ஒரு சுருதிகூட உண்டு. 100 ஹெர்ட்ஸ் என்பது தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரத்துக்கு (98 ஹெர்ட்ஸ்) ஒட்டினாற்போல இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இதே இரைச்சல் வேறு சுருதியில் கேட்கும்.

இரட்டைச் சுருளும் பழைய காதலும்

இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு, சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பதிந்து கழிந்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்மை நசுக்குவதால் அதன் பெயரே ஹம்பக்கர்.

அப்புறம் எதற்கு இன்னும் சிங்கிள் காயில்? அந்த ஒலிக்காகத்தான். ஒற்றைச் சுருள் கம்பியின் ஒரு சிறு பகுதியை மட்டும் கேட்கிறது. அதனால் மேல் அதிர்வெண்கள் மழுங்காமல், மணி அடித்த மாதிரி தெளிவாக வருகின்றன. ஹம்பக்கர் கொஞ்சம் தடித்த, உருண்டையான குரல். லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ ரிப்பேர்காரர் (அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது தனிச் சுவை) 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டரையும் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கொண்டுவந்தார். இன்று சந்தையில் இருக்கும் பட்ஜெட் கிட்டார்களில் கணிசமானவை இந்த இரண்டின் நகல்கள் அல்லது தம்பிகள். ஃபெண்டரே 1982 முதல் ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த மாடல்களை விற்கிறது. கிவ்சன், வால்ட் போன்ற இந்திய பிராண்டுகளிலும் இதே வடிவம் கிடைக்கும்.

பிக்கப் வைத்த கம்பி வாத்தியம் நமக்கு அந்நியமும் இல்லை. எட்டுக் கம்பி மேண்டலினை ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மேண்டலினாக மாற்றி, அதில் கமகங்களைக் கொண்டுவந்து கர்நாடக இசை மேடையையே வியக்க வைத்தவர் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014). மீட்டியவுடன் மங்கிப்போகும் நாதம் மின்சாரத்தால் நீண்டு நின்றது, அதனால் கமகத்துக்கு இடம் கிடைத்தது.

நெருப்பெரிச்சலில் இரைச்சல் கூடுதலா?

கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. திருப்பூரின் வடக்கில் இருக்கும் இந்தப் பகுதியில் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரே ஒரு நிட்டிங் யூனிட்டாகவோ, பத்து டேபிள் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டாகவோ இருப்பது புதிதல்ல. நிட்டிங் மெஷின்களின் இன்வெர்ட்டர் டிரைவும், தையல் மெஷின்களின் சர்வோ மோட்டாரும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புபவை. வெறும் "ம்ம்ம்" ஆக இருந்த இரைச்சலை "ர்ர்ர்" என்று கரகரப்பாக்குவது இந்த வகைச் சாதனங்கள்தான்.

ஆனால் கம்பெனிக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு விஷயம். காந்தப்புலம் தூரம் போகப் போக வேகமாகக் குறையும். பத்தடி தள்ளி ஓடும் மோட்டாரை விட, ஒரு அடியில் இருக்கும் மொபைல் சார்ஜர் பெரிய வில்லனாக இருக்கலாம். சோக் வைத்த பழைய டியூப்லைட், விலை குறைந்த எல்இடி பல்பு, ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், லேப்டாப் அடாப்டர் எல்லாமே சந்தேக லிஸ்ட்டில் வர வேண்டியவை. ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் வரும் கரகரப்பு, முழு வேகத்தில் வைத்தால் காணாமல் போவதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆம்ப்பை ஆன் செய்து, கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் பாதியாகக் குறையும். சுருள் புலத்துக்குக் குறுக்கே வரும் திசை அது, இனி அந்தப் பக்கம் பார்த்தே வாசிக்கலாம். செலவு பூஜ்யம். பிறகு லைட், ஃபேன், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பாருங்கள்.

இன்னும் தெளிவான சோதனை வேண்டுமா? "நாளைய மின்தடை" செய்தியில் உங்கள் ஏரியா பெயர் வரும் நாளுக்குக் காத்திருங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்பிலோ ஹெட்போன் ஆம்ப்பிலோ கிட்டாரைச் சொருகிப் பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் கிட்டார் அமைதியாகிவிட்டால் அது குற்றமற்றது. பக்கத்துக் கம்பெனியில் ஜெனரேட்டர் போட்டதும் மறுபடி இரைந்தால், குற்றவாளி யார் என்பதும் தெரிந்துவிடும்!

கிட்டாரிலேயே ஒரு வசதி ஒளிந்திருக்கலாம். ஐந்து நிலை ஸ்விட்ச் உள்ள மாடல்களில் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து வேலை செய்யும். நடு பிக்கப் மட்டும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால், அந்த நிலைகளில் கிட்டார் ஒரு ஹம்பக்கர் மாதிரி நடந்துகொள்ளும், இரைச்சல் சட்டென்று அடங்கும். எல்லா பட்ஜெட் மாடலிலும் இது இருக்காது. கடையிலேயே ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்த்துவிடலாம். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் மார்க் நாப்ஃப்ளர் புகழ்பெறச் செய்த அந்த மெல்லிய ஒலியும் இப்படி இரண்டு பிக்கப் சேரும் நிலையில் பிறந்ததுதான்.

உள்ளே செம்புத் தகடு ஒட்டி ஷீல்டிங் செய்தால் எல்லாம் சரியாகும் என்று யூடியூபில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அது கரகரப்பைக் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பு தடுக்காது, "ம்ம்ம்" அப்படியேதான் இருக்கும். நாய்ஸ் கேட் பெடலும் நீங்கள் வாசிக்காத நேரத்தில் மட்டும்தான் வாயை மூடும். டிஸ்டார்ஷனைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறும் என்பதை ஏற்றுக்கொண்டு, கெயினைக் கொஞ்சம் இறக்கி வாசிப்பது பலருக்கும் போதும்.

எர்த் இல்லாத வீட்டில் கிட்டார்

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். கிட்டாரின் பிரிட்ஜில் ஒரு வயர் சேர்ந்திருக்கும். அதனால் எல்லாக் கம்பிகளும் கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்பின் சட்டம் மூன்று பின் பிளக்கின் பெரிய பின் வழியாக எர்த்தோடு சேர வேண்டும். கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் இந்த இணைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், அது சகஜம். தொட்டால் இரைச்சல் கூடினால், உள்ளே வயர் விட்டிருக்கிறது அல்லது ஜாக்கில் மாற்றிப் பற்ற வைத்திருக்கிறார்கள். ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டிய கேஸ் அது.

வீட்டில் எர்த்தே இல்லை என்றால்? பழைய லைன் வீடுகளில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயின்ட் இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஆம்ப்பில் லீக் ஏற்பட்டால் மின்சாரம் போக வேறு வழியில்லாமல் கம்பி வரை வந்து நிற்கும். வாசிப்பவர் அதே நேரத்தில் எர்த் உள்ள இன்னொரு உலோகத்தைத் தொட்டால், வழி அவர் உடம்புதான். மைக்கில் வாய் வைத்துப் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

கோயில் நோம்பி மேடையிலோ கம்பெனி ஆண்டு விழாவிலோ மைக் செட்டுக்கு ஒரு லைன், ஆம்ப்புக்கு வேறு லைன் என்று இழுத்திருந்தால் இதே சூழல்தான். இரண்டையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். "அண்ணா, ஒரு தடவை எர்த் பாத்துருங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

வீட்டில் எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லலாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சுமார் 230 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட் மட்டும் வர வேண்டும். ஆனால் ஒரு குறுக்குவழி புழக்கத்தில் உண்டு. பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிடுவது. மீட்டரில் எல்லாம் பக்காவாகத் தெரியும். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ஆம்ப்பின் சட்டமும் கிட்டார் கம்பியும் நேரடியாக 230 வோல்ட்டில் நிற்கும். அதனால் பாயின்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (பலர் பழக்கத்தில் ஈஎல்சிபி என்பார்கள்) போட்டிருந்தால், உடம்பு வழியாக எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு லைனைத் துண்டித்துவிடும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேளுங்கள். இது கிட்டாருக்காக மட்டும் அல்ல, வாஷிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் சேர்த்துத்தான்.

எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் குறையும் என்று யாராவது டிப்ஸ் கொடுத்தால் செய்யாதீர்கள். சில நேரம் உண்மையிலேயே குறையும், அதுதான் அந்த டிப்ஸின் ஆபத்து. கம்பியைத் தொட்டால் "சுருக்" என்று இருந்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்துங்கள். அது அடாப்டரின் சிறு கசிவா, பெரிய லீக்கா என்று விரலால் அளக்க முடியாது. எர்த் சரியாகும் வரை பேட்டரி ஹெட்போன் ஆம்ப் போதும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரும் தப்பிப்பார். போனிலோ லேப்டாப்பிலோ இணைத்து வாசிப்பவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு வாசித்தாலே பாதி இரைச்சல் போய்விடும்.

வாங்கும் முன், வாங்கிய பின்

சுவருக்கு அந்தப் பக்கமே மெஷின் ஓடுகிறது, இடம் மாற்றவும் வழியில்லை என்றால், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் உள்ள எச்எஸ்எஸ் மாடல் புத்திசாலித்தனமான தேர்வு. யமஹாவின் பசிஃபிகா 012 அந்த வகை. ஹம் வராத சிங்கிள் காயில் பிக்கப்புகளும் உண்டு. ஆனால் நல்ல செட் ஒன்றின் விலை, சில நேரம் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். பட்ஜெட் கிட்டாருக்கு அந்தச் செலவு அவசியமில்லை. அந்தப் பணத்தில் ஒரு முறை முறையான செட்அப் செய்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

பிக்கப்பை ஸ்க்ரூவால் ஏற்றி இறக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் தடித்த கம்பிக்கும் பிக்கப்புக்கும் சுமார் 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியையே இழுத்து, டியூன் செய்தும் சுருதி விலகின மாதிரி கேட்கும்.

பஞ்சுத் தூசி இந்த ஊரில் எதையும் விடாது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது "சர சர" என்றால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் சரியாகிவிடும். வாசிக்காத நேரத்தில் கிட்டாரைப் பையில் போட்டு ஜிப் மூடி வையுங்கள். கேபிளை அசைத்தால் மட்டும் இரைந்தால் பிக்கப்பையும் ஆம்ப்பையும் விட்டுவிடுங்கள், ஜாக் முனையில் ஈயப் பற்று விட்டிருக்கும். மொபைல் கடையில் சால்டரிங் செய்பவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை.