மரத்தைக் காக்கும் பூச்சு

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பகுதிகளில் திண்ணையும் தூணும் உடைய பழைய வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. அத்தகைய வீட்டின் வாயிற்கதவை உற்று நோக்குதல் வேண்டும். கூரையின் நிழல் படியும் மேற்பகுதியில் தேக்கின் பழுப்பு நிறம் குன்றாதிருக்கும். சாரல் தெறிக்கும் அடிப்பகுதியோ வெளிறி, வெடித்து, ஓரம் உதிர்ந்திருக்கும். கதவு ஒன்றே, மரமும் ஒன்றே. நிலை மட்டும் வேறுபட்டதேன்?

வெளியில் நிற்கும் மரத்திற்குப் பகை இரண்டு. ஒன்று வெயில். கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, மரத்தின் மேற்பரப்பு சாம்பல் நிறம் அடைகின்றது. மற்றொன்று ஈரம். சென்னையில் ஆண்டுதோறும் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்வது. நீரை உண்ட மரம் குறுக்கே பருக்கும், உலர்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் மிகச் சிறிதே மாறும். மழைக்காலத்தில் கதவு இறுகி மூட மறுப்பதை அறியாதார் யார்? மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைக் கடந்து நீடிக்குமாயின், அதனை அழுகச் செய்யும் பூஞ்சைகள் தலைகாட்டும்.

மரம் இங்ஙனம் ஓயாது அசைவதை மறந்து பூச்சைத் தேர்ந்தெடுப்போர் ஏமாறுவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பாலிஷ், கூடத்து நாற்காலிக்கு அழகு தரும். நீர் பட்டால் வெளுத்துவிடும். வீட்டினுள் பூசுதற்குரிய வார்னிஷும் வெளிவாயிலுக்கு ஏற்றதன்று. அது மரத்தின்மேல் கெட்டியான ஏடாகப் படிகின்றது. மரம் அசைய, உடன் அசைய மாட்டாத ஏடு விரிசல் காண்கின்றது. விரிசல் வழியே புகுந்த நீர் எளிதில் வெளியேற இயலாமல் ஏட்டின்கீழ்த் தங்குகின்றது. ஒளி ஊடுருவும் பூச்சாதலின் வெயிலும் உள்ளே சென்று மரப்பரப்பைச் சிதைக்கின்றது. ஈற்றில் ஏடு பிடிப்பிழந்து செதில் செதிலாக உரிகின்றது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்த்து, நெகிழ்வுடையதாகச் செய்யப்படும் வெளிப்புற வார்னிஷ் இதனினும் மேலானது. ஆயினும் அதனையும் உரியத் தொடங்கு முன்னரே புதுப்பித்தல் வேண்டும்.

வெயிலைத் தடுப்பதில் வண்ணப்பூச்சுக்கு நிகரில்லை. அதிலுள்ள நிறத்துகள்கள் ஒளியை மரத்தை அணுகவிடா. தேக்கின் வரியழகு மறைகின்றதே எனச் சிலர் வருந்துவர். வேப்பமரச் சன்னலுக்கு அவ்வருத்தம் வேண்டுவதில்லை.

ஆளிவிதை எண்ணெயின் இயல்பு வேறு. அது மரத்தினுள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படுகின்றது. தடித்த ஏடாகப் படியாமையால் உரிவதில்லை. மங்கியபோது துணியால் மீண்டும் தேய்த்தாற் போதும். ஆனால் அது வெயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஈரக்காற்று வீசும் கடலோரத்தில் அதன்மேல் கரும்பூஞ்சை படர்வதும் உண்டு. ஆதலின் திண்ணை நிழலிலுள்ள கதவுக்கு எண்ணெயும், மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கும் பலகைக்கு வண்ணமும் பொருந்தும்.

பூச்சு எதுவாயினும், மரம் உலர்வதற்கு வழி இருத்தல் வேண்டும். சென்னைக் கடற்கரை மீனவர்கள் இதனை நன்கறிந்தவர்கள். கட்டுமரம் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவது அவர்கள் வழக்கமாக இருந்தது. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன.

இனி, அந்தப் பழைய கதவின் அடிப்பகுதிக்கு வருவோம். மரத்தின் வெட்டுமுனை, பக்கப் பரப்பினும் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். கதவின் செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனைகள் அமைந்திருப்பது அடிவிளிம்பில்தான். முகப்பை மின்னச் செய்வோர் கண்ணுக்குப் புலப்படாத அவ்விளிம்பைப் பூசாது விட்டுவிடுகின்றனர்! கதவைக் கழற்றி, முழுதும் உலர்ந்தபின், அவ்விளிம்பிற்கே முதலில் இருமுறை பூசுதல் நலம். இதற்கு மழைக்கு முந்திய வறண்ட நாள்களே ஏற்றவை.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது விழிப்பு வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்னும் இந்திய அரசின் விதி 2016ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே நீரில் நனைத்துத் தேய்ப்பதே முறை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிவதும் தீது. எண்ணெய் கெட்டிப்படும்போது எழும் வெப்பம் துணிக்குவியலுள் அடைபட்டு, தீக்குச்சியின்றியே அதனைப் பற்றவைத்துவிடும். அத்துணியை நீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்து உலர்த்துதல் வேண்டும்.