முதியோரின் வீட்டுப் பராமரிப்பு: யப்பானிய அனுபவமும் நமது நிலையும்

நோயுற்றோ முதுமையெய்தியோ படுக்கையிற் கிடக்கும் ஒருவரைக் குளிப்பாட்டுதல், உடைமாற்றுதல், உணவூட்டுதல், மலசலம் அகற்றுதல், படுக்கைப்புண் ஏற்படாவண்ணம் சில மணி நேரத்துக்கொருமுறை புரட்டிக் கிடத்துதல் ஆகியன யாவும் உழைப்பாகும். உடல் வலிமையும் பயிற்சியும் பொறுமையும் வேண்டிநிற்கும் உழைப்பாகும். இதே வேலையை வைத்தியசாலையில் ஒரு தாதி செய்யும்போது அவருக்குச் சம்பளமுண்டு, வேலைநேரமுண்டு, விடுமுறையுண்டு. வீட்டிலே ஒரு மகளோ மருமகளோ செய்யும்போது அது வேலையெனக் கணிக்கப்படுவதில்லை. பாசம், கடமை, நன்றிக்கடன் என்னும் சொற்கள் அதன்மீது போர்த்தப்படுகின்றன. அச்சொற்கள் பொய்யானவையல்ல. ஆயின், அவை ஒரு பொருளாதார உண்மையை மறைத்துவிடுகின்றன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

2000ஆம் ஆண்டில் இரு ஆசிய நாடுகள் இப்பிரச்சினைக்கு இருவேறு விடைகளைக் கூறின. இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தற் சட்டம் (2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) நிறைவேறிற்று. அதே ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் யப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னையது பெற்றோரைப் புறக்கணியாதிருக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது விதித்தது. பின்னையது அச்சுமையைச் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றது. இவ்விரு விடைகளுக்குமிடையேயுள்ள வேறுபாடு யாது, யப்பானிய விடை எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது, அதிலிருந்து நாம் அறியத்தக்கது என்ன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடும்பமும் மருமகளும்

யப்பானியக் குடும்பம் முதியோரைப் போற்றும் குடும்பமென்பது உலகறிந்த கருத்து. 1898ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை குடும்பத் தலைமையையும் சொத்தையும் பொதுவாக மூத்த மகனுக்கு உரியதாக்கியது. சொத்து அவனுக்குரியதாக, அவனுடைய பெற்றோரைப் பேணும் வேலையோ அவன் மனைவிக்குரியதாயிற்று. சொத்துரிமை ஆணிடமும் பராமரிப்புழைப்பு பெண்ணிடமும் சென்ற இப்பிரிவினையே 'முதியோரைப் போற்றும் பண்பாடு' என்பதன் பொருளியல் அடித்தளம் எனலாம். போருக்குப் பின்னர் 1947இற் செய்யப்பட்ட திருத்தம் இக்குடும்பத் தலைமை முறையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. எனினும், சட்டம் நீங்கியபின்னும் வழக்கம் நீங்கவில்லை.

இந்நிலையைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது ஆராய்ச்சி நூலன்று; ஒரு நாவல். 1972இல் அரியோஷி சவாகோ எழுதிய 'கோகொட்சு நோ ஹிதோ' என்னும் அந்நாவல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. சட்டத்தரணிகளின் அலுவலகமொன்றிற் பணிபுரியும் ஒரு பெண், மாமியார் திடீரென இறந்தபின் நினைவு தடுமாறிய மாமனாரைப் பராமரிக்க நேர்கிறது. பெற்ற மகனாகிய கணவனோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தன் வீட்டுக்குள் மட்டும் நிகழ்வதாக ஒவ்வொரு பெண்ணும் எண்ணிய துன்பம், நாடளாவிய ஒரு சமூகப் பிரச்சினையென்பதை அந்நூல் உணர்த்திற்று.

சனத்தொகை மாற்றம் பிரச்சினையைக் கூர்மைப்படுத்தியது. 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 1970இல் யப்பானியச் சனத்தொகையில் 7 வீதத்தை எட்டினர். 1994இல் அது 14 வீதமாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகளில் இரட்டிப்பாகிய இவ்வளர்ச்சிக்கு மேலைநாடுகள் பலவற்றுக்கு அதனினும் நெடுங்காலம் சென்றது. அதே காலப்பகுதியில் பெண்கள் பெருந்தொகையாக ஊதிய வேலைக்குச் சென்றனர், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, கூட்டுக்குடும்பம் சுருங்கியது.

2. இரக்கத்திலிருந்து உரிமைக்கு

வீட்டுக்குச் சென்று பராமரிக்கும் பொதுச்சேவை யப்பானில் மிகச் சிறிதாகவே தொடங்கிற்று. 1956இல் நகானோ மாகாணத்தின் உவெதா நகரில் வீட்டு உதவியாளரை அனுப்பும் திட்டம் ஆரம்பமாயிற்று. 1963ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டம் இதனை நாடளாவியதாக்கியது. ஆயின், வறுமைப்பட்ட முதியோருக்கான தருமமாகவே இச்சேவை கருதப்பட்டது. உதவி பெறுவதற்கு வறுமையையும் உறவினரின்மையையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. எனவே, அதனைப் பெறுதல் அவமானமென எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

1973இல் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டது. இதன் விளைவு எதிர்பாராததாக அமைந்தது. வீட்டில் பராமரிக்க ஆளில்லாத முதியோர், மருத்துவத் தேவை எதுவுமின்றியே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலைகளில் தங்கினர். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத அரசு, அதனினும் அதிகமான பணத்தை வைத்தியசாலைக் கட்டில்களுக்குச் செலவிட நேர்ந்தது. இலவச முறை 1983இல் முடிவுக்கு வந்தது. இதற்கிடையில், 1978ஆம் ஆண்டின் அரசாங்க நல அறிக்கை, பிள்ளைகளோடு முதியோர் சேர்ந்து வாழும் வழக்கத்தை நாட்டின் மறைவான சொத்தென வருணித்திருந்தது. அச்சொத்து உண்மையில் சம்பளமில்லாப் பெண்ணுழைப்பேயாகும். 1983இல் ஹிகுச்சி கெய்கோ முதலிய பெண்கள், முதுமையடையும் சமுதாயத்தைச் சீர்ப்படுத்துவதற்கான பெண்கள் அமைப்பைத் தோற்றுவித்து, பராமரிப்பைச் சமுதாயமயமாக்கக் கோரினர்.

1997 திசெம்பரில் பாராளுமன்றம் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குமுன் நிகழ்ந்த ஒரு விவாதம் இங்கு குறிப்பிடத்தக்கது. வீட்டிற் பராமரிக்கும் உறவினருக்குப் பணம் கொடுப்பதா, சேவையை மட்டும் வழங்குவதா என்பதே அவ்விவாதம். 1995இல் இத்தகைய காப்புறுதியைத் தொடங்கிய யேர்மனி பணம் பெறுவதற்கும் இடமளித்தது. யப்பானியப் பெண்கள் அமைப்புகள் பல அதனை எதிர்த்தன. சிறுதொகை கைக்கு வந்ததும் மருமகள் முன்னிலும் இறுக்கமாக வீட்டோடு கட்டப்படுவாள் என்பது அவற்றின் வாதம். முடிவில் சேவை வழங்கும் முறையே ஏற்கப்பட்டது. மறுபுறத்தில், 1999இல் ஆளுங்கட்சியின் கொள்கைப் பொறுப்பாளராயிருந்த கமேய் ஷிசுக்கா, பெற்றோரைப் பிள்ளைகள் பேணும் நல்வழக்கத்தை இச்சட்டம் அழித்துவிடுமெனக் கண்டித்தார். முதியோரிடம் காப்புறுதிக் கட்டணம் அறவிடுதல் ஆறு மாதங்கள் பிற்போடப்பட்டது. பண்பாட்டின் பெயரால் எழும் குரல் யாருடைய நலனைக் காக்கிறது என்னும் வினாவை இச்சம்பவம் எழுப்புகின்றது.

3. நடைமுறை

40 வயதடைந்த அனைவரும் காப்புறுதிக் கட்டணம் செலுத்துகின்றனர். செலவில் பாதி இக்கட்டணங்களிலிருந்தும், மறுபாதி மத்திய அரசு, மாகாணம், நகரசபை ஆகியவற்றின் வரிப்பணத்திலிருந்தும் பெறப்படுகின்றன. காப்புறுதியை நடத்தும் பொறுப்பு நகரசபைக்குரியது.

உதவி வேண்டுவோர் விண்ணப்பித்ததும் நகரசபை அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார். எழுந்திருத்தல், நடத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நினைவு முதலிய 74 விடயங்களை அவர் கேட்டறிவார். இவற்றோடு மருத்துவரின் கருத்தையும் ஒரு குழு பரிசீலித்து, உதவி தேவைப்படும் இரு படிகளிலோ பராமரிப்புத் தேவைப்படும் ஐந்து படிகளிலோ அவரை வகைப்படுத்தும். இங்கு அவதானிக்கத்தக்கது யாதெனில், அவருக்கு மகளுண்டா, மருமகளுண்டா என்பது இவ்வகைப்படுத்தலைத் தீர்மானிப்பதில்லை. அவருடைய தேவையே அளவுகோலாகும். வருமானமும் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. செலுத்தவேண்டிய பங்கை மட்டுமே அது மாற்றுகிறது. பெரும்பாலோர் செலவில் 10 வீதத்தையும், வருமானம் கூடியோர் 20 அல்லது 30 வீதத்தையும் செலுத்துவர்.

பின்னர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் முதியவரோடும் குடும்பத்தாரோடும் கலந்து வாராந்தத் திட்டம் வகுப்பார். குளிப்பாட்டல், உணவூட்டல், அணையாடை மாற்றல் போன்ற உடற்பராமரிப்பையும், சமையல், துப்புரவு போன்ற வீட்டுதவியையும் பயிற்சிபெற்ற பணியாளர் வந்து செய்வர். புண்ணுக்கு மருந்திடல், சிறுநீர்க் குழாயைக் கவனித்தல் முதலியவற்றை மருத்துவரின் பணிப்பின்படி தாதியர் செய்வர். வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்த இயலாதோருக்கு மூவர் கொண்ட குழுவொன்று வாகனத்தில் குளியற்றொட்டியையே கொண்டுவந்து, படுக்கையருகே வைத்துக் குளிப்பாட்டிச் செல்லும்.

சேவையைப் பெறுபவரின் நிலையில் நின்று நோக்கினால் இம்மாற்றத்தின் ஆழம் புலனாகும். பிறர் கையால் தன் உடல் கழுவப்படுதல் எவருக்கும் கூச்சந்தருவதே. மருமகளிடம் அவ்வுதவியைப் பெறும் முதியவர், அவள் களைப்பையும் சலிப்பையும் கண்டு, தான் பாரமாகிவிட்டதாக எண்ணி, தாகத்தையும் அடக்கிக்கொள்வதுண்டு. கட்டணம் செலுத்தி உரிமையாகப் பெறும்போது, குறித்த நேரத்தில் வரும்படி கேட்கலாம், பிழையிருப்பின் முறையிடலாம். உரிமையாகப் பெறப்படும் பராமரிப்பு பெறுபவரின் மானத்தைக் காக்கிறது. உறவும் அதனால் நலிவதில்லை. அருகிலமர்ந்து பேசுவதற்கு மகளுக்கு நேரம் கிடைக்கிறது.

4. முரண்பாடுகள்

எனினும், யப்பானிய முறை பிரச்சினையை முற்றாகத் தீர்த்துவிட்டதெனக் கூறமுடியாது. முதியோரின் உரிமையை ஏற்ற சட்டம், உழைப்பவரின் உரிமையைப் போதிய அளவு ஏற்கவில்லை. வீட்டு உதவியாளருட் பெரும்பான்மையினர் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள். அவர்களிற் பலர் மணித்தியாலக் கணக்கில் ஊதியம் பெறுவோர். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் நேரமும் காத்திருக்கும் நேரமும் ஒழுங்காகக் கணிக்கப்படுவதில்லையெனக் கூறி, 2019இல் மூன்று வீட்டு உதவியாளர் அரசுக்கெதிராக வழக்குத் தொடுத்தனர். வீட்டிலே பெண் இலவசமாகச் செய்துவந்த வேலைதானே என்னும் பழைய மதிப்பீடு புதிய சம்பளப் பட்டியலிலும் தொடர்கின்றது.

இதன் விளைவு ஆட்பற்றாக்குறை. 2022ஆம் நிதியாண்டில் வீட்டு உதவியாளர் வேலை தேடிய ஒருவருக்கு 15க்கும் மேற்பட்ட வெற்றிடங்கள் காத்திருந்தன. அவ்வாறிருந்தும், 2024இல் வீட்டுப் பராமரிப்புக்கான அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்தது. சேவை குறையுமிடத்துச் சுமை மீண்டும் குடும்பத்தையே வந்தடைகிறது. 2022ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி, உறவினரைப் பராமரிப்பதற்காக ஓராண்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் வேலையை விட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

5. நமது நிலை

இப்பற்றாக்குறை நம்மையும் தொடுகிறது. 2019 யூன் மாதத்தில் இலங்கையும் யப்பானும் தொழிலாளரை அனுப்புவது பற்றிய ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. அதன்கீழ் பராமரிப்புத் தொழிலுக்கும் நம்மவர் செல்கின்றனர். 2025 ஏப்பிரில் முதல் இத்தகைய வெளிநாட்டுப் பணியாளர் வீடுகளுக்குச் சென்று பராமரிக்கவும் யப்பான் அனுமதித்தது. அதாவது, யப்பானிய மருமகளின் தோளிலிருந்து இறங்கிய சுமையின் ஒரு பகுதி இலங்கைப் பெண்ணின் தோளுக்கு மாறுகிறது. அவ்வாறு சென்ற பெண்ணின் பெற்றோரை இங்கே பராமரிப்பவர் யார்?

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் நமது சனத்தொகையில் 12.4 வீதமாவர், இவ்வீதம் தொடர்ந்து உயர்கின்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையையும், பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோருவதற்கான சபையையும் அமைத்தது. அது பயனற்றதன்று. ஆயின், பெற்ற பிள்ளைக்கெதிராக முறையிட மனமொப்பும் தாய்தந்தையர் எத்தனைபேர்? வறிய பிள்ளையிடமிருந்து எதைப் பெறமுடியும்? வடக்கிலும் கிழக்கிலும் 1983இன் பின்னர் பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, தனித்திருக்கும் முதியோருக்கு அக்கடமை பணமாக மட்டுமே வந்துசேர்கிறது. அப்பணத்தில் அமர்த்தப்படும் அயற்கிராமப் பெண்ணோ பயிற்சியுமின்றி, வரையறுத்த வேலைநேரமுமின்றி இரவும் பகலும் உழைக்கிறாள். வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்தற்கு 1871இல் எழுந்த கட்டளைச்சட்டம் அவர்களைக் கண்காணிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அவர்தம் ஊதியத்தைக் காப்பதையன்று. அம்மனப்பான்மை இன்னும் அகலவில்லை.

யப்பானிய முறையை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் இயலாது. நமது பொருளாதாரம் வேறு; முறையான சம்பளத்துக்கு வெளியே வாழ்வோர் தொகை பெரிது. ஆயின், நமக்கென ஒரு மரபுண்டு. 1926இற் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியதன் பயனாக, கர்ப்பிணியையும் பிள்ளைபெற்ற தாயையும் அரசாங்க மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. அவர் வருகையைத் தருமமென எவரும் எண்ணுவதில்லை. அவர் வந்தமையால் தாய்ப்பாசம் குன்றிற்றென எவரும் கூறியதுமில்லை. மனித வாழ்வின் தொடக்கத்தில் வீடு தேடிவந்த பொதுச்சேவை, அதன் இறுதியிலும் வரவேண்டுமெனக் கோருவது புதுமையான கோரிக்கையன்று. கிராமந்தோறும் பயிற்சிபெற்ற பராமரிப்பாளர், அவருக்கு நிரந்தரச் சம்பளமும் சேமலாப நிதியும், அவரை வழிநடத்த ஒரு தாதி என்பதே அதன் முதற்படியாக அமையலாம்.

யப்பானிய அனுபவம் உணர்த்தும் பாடம் ஒன்றே. பராமரிக்கப்படுபவரின் உரிமையும் பராமரிப்பவரின் உரிமையும் பிரிக்கமுடியாதவை. ஒன்றை மட்டும் ஏற்கும் சமுதாயம் சுமையை ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்கு மாற்றுமேயன்றிக் குறைக்காது.