கண்ணை மூடினால் மட்டும் போதாது!



கல்யாணம் நிச்சயமானதும் டவுனுக்குப் போய், மேலுதடு, தாடை, புருவத்தில் உள்ள முடியை லேசர் போட்டு எடுத்துக்கொள்வது நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் சின்ன மெஷினும் ஆன்லைனில் கிடைக்கிறது. அழகுக்கலைப் பயிற்சி முடித்த உறுப்பினர் யாராவது நாளைக்கு, "லேசர் மெஷின் வாங்கக் கடன் வேணும்" என்று குழுவில் கேட்கலாம். அதனால் இதில் கண்ணுக்கு உள்ள ஆபத்தை நாம் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒளி எப்படி முடியை எடுக்கிறது?

கறுப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சூடாகிறது அல்லவா? அதே கதைதான். முடியில் மெலனின் என்ற கருநிறப் பொருள் இருக்கிறது. மெஷினின் ஒளியை அது இழுத்துக்கொண்டு சூடாகிறது. அந்தச் சூட்டில் முடியின் வேர் கருகுகிறது. லேசர் ஆனாலும், பளிச்சென்று மின்னும் ஐ.பி.எல். விளக்கு ஆனாலும் வேலை செய்யும் விதம் இதுதான்.

கண்ணுக்கு என்ன ஆகும்?

கண் பாப்பாவைச் சுற்றியுள்ள பழுப்பு வட்டத்திலும் இதே மெலனின்தான் இருக்கிறது. எது முடி, எது கண் என்று ஒளிக்குத் தெரியுமா? கறுப்பைக் கண்ட இடத்தில் சூடாக்கும்.

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. நம் உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. ஒளி அதைத் தாண்டி உள்ளே போகும். அதோடு, கண்ணை மூடியதும் பெரும்பாலோருக்கு விழி தானாகவே மேலே திரும்பிக்கொள்ளும். அப்போது அந்தப் பழுப்பு வட்டம் புருவத்தின் பக்கம் வந்துவிடும். புருவத்துக்குக் கீழே போடும் ஒளி நேராக அதில் படலாம்.

பட்டால் கண் சிவந்து வலிக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். உருண்டையாக இருக்கும் பாப்பா கோணலாகலாம். பழையபடி திரும்பாமலும் போகலாம். கண்புரையும் வரலாம்.

திறந்த கண்ணுக்குள் லேசர் போனால் இன்னும் மோசம். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பிள்ளைகள் காகிதத்தை எரிப்பார்களே, அதுபோல விழித்திரை வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாது. பார்லர் சுவரில் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஆபத்துதான். எனவே மெஷினைப் பிடிப்பவருக்கும் இந்த ஆபத்து உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. இமைக்கும், புருவத்துக்குக் கீழேயும் லேசர், ஐ.பி.எல். வேண்டவே வேண்டாம். புருவம் திருத்த நூல் போதும்.

2. முகத்தில் வேறு இடத்தில் போட்டாலும், ஒளி புகாத கண்மூடியைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் போடுங்க. பாதியில் தூக்கிப் பார்க்காதீங்க.

3. லேசர் போடுபவரும் அறையில் இருப்பவர்களும் அந்த மெஷினுக்கு உரிய கண்ணாடி அணிய வேண்டும். 755, 810, 1064 என்று மெஷினுக்கு ஓர் அலைநீள எண் உண்டு. கண்ணாடியில் அச்சிட்ட எண் அதற்குப் பொருந்த வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது.

4. தோல் டாக்டர் பொறுப்பில் நடக்கும் இடமா என்று விசாரித்துவிட்டுப் போங்க.

5. வீட்டு மெஷினைக் கண்ணருகே கொண்டுபோகாதீங்க. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க.

கண்ணில் பட்டுவிட்டால்?

வலி, கூச்சம், மங்கல், கண்முன் கரும்புள்ளி, பாப்பா கோணல் என எது வந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்க. கண்ணைக் கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ வேறு கண் மருத்துவமனைக்கோ போங்க. எந்த மெஷின், எந்த இடத்தில் போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் வீக்கம், வலியைக் கட்டுப்படுத்தலாம்.

மெஷினுக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், விலையையும் தவணையையும் மட்டும் பார்த்துத் தீர்மானம் எழுதிவிடக் கூடாது. "பயிற்சி எடுத்தாச்சா? பாதுகாப்புக் கண்ணாடிக்கும் சேர்த்துத்தான் பணம் கேட்கிறாயா? எந்த டாக்டர் பொறுப்பு?" என்று மூன்று கேள்வி கேளுங்க. பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்க.